மொத்தக் குவியலில் விலை தெரியாமல் கிடக்கும் மலாயா, ஸ்ட்ரெய்ட்ஸ் காசுகள்: எதைப் பார்த்து எடுப்பது?

யீஷூன்_உண்டியல்
வணக்கம். சிங்கப்பூர் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையோடு போய்விட்டது. இப்போது மொத்தக் காசு என்றால் கேரசல் இணையச் சந்தைதான். ‘பழைய மலாயா காசு’ என்று அரைக் கிலோ, ஒரு கிலோ எடைபோட்டுக் கொடுக்கிறார்கள். அதில் விற்பவருக்கே மதிப்புத் தெரியாத காசு கிடைக்க வாய்ப்பு உண்டா? இல்லை, எல்லாம் பொறுக்கி முடித்த மிச்சம்தானா? எந்த ஆண்டு, எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதும்.

விளிம்பு_பார்
பட்டியலை மட்டும் வைத்து ஒன்றும் கிடைக்காது. விற்பவர் கையிலும் அதே பட்டியல்தான் இருக்கிறது. குவியல் உங்களிடம் வருவதற்குள் இரண்டு மூன்று பேர் தேதி பார்த்துப் பொறுக்கியிருப்பார்கள். அவர்கள் கண் போகாத இடத்தில்தான் உங்களுக்கு வேலை. காசின் இரண்டு முகத்தையும் எல்லோரும் படம் எடுப்பார்கள், விளிம்பை யாரும் எடுப்பதில்லை.

மலாயா-பிரிட்டிஷ் போர்னியோ 50 காசை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 முதல் 1961 வரை வந்தது. விளிம்பில் நெருக்கமான வரிகள், அந்த வரிகளுக்கு நடுவே காசைச் சுற்றி ஓடும் ஒரு பள்ளம். இதைப் பாதுகாப்பு விளிம்பு என்பார்கள். இந்தப் பள்ளம் விழாமலே வெளியே வந்த பிழைக் காசுகள் உண்டு. 1954, 1958 எச் (அச்சாலை எழுத்து), 1961 என்று பல தேதிகளில் பதிவாகியிருக்கிறது. நாணயப் பட்டியல் நூல்களில் அதற்குத் தனி எண்ணே உண்டு. முன்னும் பின்னும் பார்த்தால் சாதாரணக் காசுக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் தெரியாது. அதனால்தான் குவியலில் தப்பிப் பிழைக்கிறது.

ஒவ்வொரு காசாகத் திருப்பிக்கொண்டிருந்தால் கண் சோர்ந்துவிடும். இருபது காசை ஓர் உருளையாக அடுக்கி, இரண்டு அடிக்கோலுக்கு நடுவில் படுக்க வையுங்கள். மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் விழும்படி வைத்தால் ஒவ்வொரு காசின் நடுவிலும் ஒரு கருங்கோடு தெரியும். உருளையை மெல்ல உருட்டுங்கள். கோடு இல்லாத காசு உடனே கண்ணில் படும். படாவிட்டால் அடுத்த இருபது.

இதில் ஏமாறும் இடம் அழுக்கு. எண்ணெய்ப் பிசுக்கு பள்ளத்தில் இறுகி, மேலே வரிக்குச் சமமாக நின்றுவிடும். சந்தேகக் காசைச் சுத்தமான அசிட்டோனில் அரை மணி நேரம் போட்டு, மூங்கில் பல்குச்சியால் விளிம்பை மட்டும் வருடிவிட்டு 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஊசி, பிரஷ் எதுவும் வேண்டாம்.

தேக்கா_லூப்
அண்ணன் சொன்னதோடு அச்சாலை எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில் எச் என்றால் ஹீட்டன், கேஎன் என்றால் கிங்ஸ் நார்ட்டன், இரண்டுமே பர்மிங்ஹாம் அச்சாலைகள். எழுத்து இல்லாவிட்டால் லண்டன் ராயல் மின்ட். 1961 ஆம் ஆண்டு 5 காசும் 10 காசும் மூன்று வகையிலும் இருக்கின்றன. 1957 இல் எச், கேஎன் இரண்டும். விற்பவர் ‘1961, 10 காசு, 40 எண்ணிக்கை’ என்று மட்டும் எழுதியிருப்பார். எழுத்து அவ்வளவு சிறியது, கைப்பேசிப் படத்தில் தெரியாது.

இந்த எழுத்து வேறுபாட்டால் தேய்ந்த காசுக்குப் பெரிய விலை வராது. அச்சுப் புதுசாக, மினுக்கத்தோடு இருந்தால்தான் வகைக்கு வகை விலை பிரியும். ஆகவே முதலில் மினுக்கம் உள்ளதைத் தனியாக எடுங்கள், பிறகு அந்தச் சிறு குவியலில் எழுத்துத் தேடுங்கள். தலைகீழாகச் செய்தால் நாள் முழுக்க லென்ஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

சதுரச்சல்லி
இதே கதைதான் ஸ்ட்ரெய்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பழைய பிரிட்டிஷ் குடியேற்றம்) சதுர ஒரு காசுக்கும். 1919, 1920, 1926. புழங்கித் தேய்ந்தது எந்தக் கடையிலும் டப்பா டப்பாவாகக் கிடக்கும். செம்பின் இளஞ்சிவப்பு கெடாமல் இருப்பது மிகக் குறைவு, ஆனால் பல விற்பனையாளர்கள் இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிறார்கள். 1939-41 மலாயா சதுரக் காசு பெரியது, 1943, 1945 தேதியிட்டது சிறியதும் எடை குறைந்ததும். இதைத் தெரியாமல் ‘1943 காசு எடை குறைகிறது, போலி’ என்று தள்ளிவிடுபவர்களும் இருக்கிறார்கள். நமக்கு நல்லதுதான்.

சிவப்பாக இருந்தாலே வாங்கிவிடாதீர்கள். பாலிஷ் போட்ட காசும் சிவப்பாகத்தான் இருக்கும். அசல் மினுக்கம் விளக்கடியில் காசைச் சாய்க்கும்போது சக்கர ஆரம்போலச் சுழலும். தேய்த்த காசில் ஒளி அசையாமல் தட்டையாக நிற்கும், எழுத்துகளின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் ஒரே திசையில் ஓடும். எழுத்துக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள மூலையில் வெளுத்த பாலிஷ் தூள் ஒட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

அரைக்காசு
எல்லாரும் பிழைக் காசு, எழுத்து என்று போகிறீர்கள். எனக்கு வேண்டியது உலோகக் கணக்கு. ஸ்ட்ரெய்ட்ஸ், மலாயா 20 காசு எல்லாம் ஒரே 5.43 கிராம். விற்பவர் ‘வெள்ளிக் காசு, ஒன்று இவ்வளவு’ என்று ஒரே விலை வைக்கிறார். உள்ளே இருக்கும் வெள்ளி உலோகம் ஒன்றா? இல்லவே இல்லை.

விக்டோரியா காலத்திலும் 1902-03 எட்வர்டிலும் 800 தரம், அதாவது ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி, ஒரு காசில் 4.34 கிராம். 1909-10, 1916-17 இல் 600 தரமானது, 3.26 கிராம். 1918-19 இல் 400 தரம், வெறும் 2.17 கிராம். 1926, 1927, 1935 மறுபடி 600. மலாயா 1939 தொட்டு 750 தரம், 4.07 கிராம். போர்க்கால 1943, 1945 தேதிகளில் 500 தரம், 2.72 கிராம். 1948 முதல் செம்பு-நிக்கல், வெள்ளியே கிடையாது.

ஆக ஒரே விலையில் 1918 ஐ எடுத்தால் விக்டோரியாவில் கிடைப்பதில் சரிபாதி உலோகம்தான். தேதி பார்த்துப் பிரித்து வாங்கினால் இதிலேயே லாபம் இருக்கிறது.

தேக்கா_லூப்
கணக்கு சரி. ஆனால் உருக்கு விலைக்கு, அதாவது உள்ளே இருக்கும் உலோகத்தின் விலைக்கு, வாங்கி அதே விலைக்கு விற்பதை நாணய அறிவு என்று சொல்ல முடியாது. 400 தரக் காசு சீக்கிரம் கறுத்து அழுக்காகிவிடும், பார்க்கவே பிடிக்காது. அதனாலேயே 1918-20 காசு நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். உலோகக் கணக்குப் பார்ப்பவர் அதைத் தான் முதலில் ஒதுக்குவார். நீங்கள் ஒதுக்கும் குவியலைத்தான் நான் கேட்டு வாங்குவேன்.

அதேபோல 1920 இல் செம்பு-நிக்கலில் ஒரு ஸ்ட்ரெய்ட்ஸ் 5 காசு வந்தது. ‘வெள்ளி இல்லை’ என்று தூக்கிப் போடப்படும் காசுகளில் தேட வேண்டியது அது.

அரைக்காசு
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். உலோக விலை திடீரென ஏறும் வாரங்களில் கடைகளில் பழைய விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருக்கும். அப்போது தேய்ந்த 20 காசுகூட உருக்கு விலைக்குக் கீழே கிடைக்கும். தேதியும் தரமும் மனப்பாடமாக இருப்பவருக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் கை ஓடும்.

நிறைகோல்
பெரிய காசுகளைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரில்தான் போலி அதிகம், ஆகவே அறிவுக்கு விலையும் அங்கேதான்.

1903-04 பெரிய டாலர்: 26.95 கிராம், 900 தரம், சுமார் 37 மி.மீ., பம்பாய் அச்சாலை, பி எழுத்து. 1903 இல் அந்த பி புடைத்து நிற்பதும் உண்டு, உள்ளே பதிந்திருப்பதும் உண்டு. இரண்டுக்கும் விலை ஒன்றல்ல, படத்தில் தெரியாவிட்டால் கேட்டு வாங்குங்கள். 1907-09 இல் 20.21 கிராம், 900 தரம், 34 மி.மீ. 1919-20 இல் அதே 34 மி.மீ., ஆனால் 16.85 கிராம், 500 தரம். இப்படி இளைத்ததற்குக் காரணம் உண்டு: 1906 இல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். வெள்ளி உலோகத்தின் விலை ஏறியபோது முகமதிப்பைவிட உள்ளே இருக்கும் வெள்ளி அதிக விலைக்குப் போகும் நிலை வந்தது. உருக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் எடையைக் குறைத்தார்கள், பிறகு தரத்தையும் குறைத்தார்கள்.

விக்டோரியா முகத்தோடு ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் புழக்கத்துக்கு வந்ததே இல்லை. 1912 தேதியிட்டதும் இல்லை. அப்படி ஒன்றை யாராவது காட்டினால் எடை போடும் வேலை மிச்சம்.

சோதனை இப்படி. 0.01 கிராம் காட்டும் தராசு, 50 கிராம் படிக்கல். தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, சுழியாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுசாக மூழ்கும்படியும் அடியிலும் பக்கத்திலும் தொடாதபடியும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது. பெரிய டாலருக்குத் தராசு 2.61 கிராம் பக்கம் காட்ட வேண்டும். அதே எடையில் செம்பு-நிக்கல் போலி என்றால் 3.03, பித்தளை என்றால் 3.17. 1907-09 டாலருக்கு 1.96. 1919-20 க்கு 1.74 பக்கம்.

காசில் காற்றுக்குமிழ் ஒட்டினால் எண் கூடிவிடும், நல்ல காசையே போலி என்று நினைப்பீர்கள். சோப்பு அதற்குத்தான். 5 காசில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். 1.36 கிராம் காசு காட்டுவது 0.14 தான், தராசு ஒரு புள்ளி பிசகினாலே விடை ஏழு சதவீதம் ஆடும்.

யீஷூன்_உண்டியல்
ஐயா, 1904 டாலர் ஒன்று பேச்சில் இருக்கிறது. விற்பவர் எடை 26.4 கிராம் என்கிறார். தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நிறைகோல்
குறைவது 0.55 கிராம், அதாவது இரண்டு சதவீதம். அரசரின் காது மழுங்கி, கிரீடத்தின் கோடுகள் அழிந்திருந்தால் அவ்வளவு தேயலாம். கோடெல்லாம் கூர்மையாக இருந்து எடை மட்டும் குறைந்தால் வேண்டாம். பின்புறம் நடுவில் உள்ள சீன ‘நீண்ட ஆயுள்’ சின்னத்தையும் அதைச் சுற்றிய பின்னல் கோடுகளையும் பாருங்கள். வார்ப்புப் போலியில் அந்தக் கோடுகளின் உள்மூலைகள் சோப்புக் கரைந்ததுபோல் வழவழவென்று இருக்கும், தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பில் ஓரிடத்தில் வரிகள் குழம்பினால் அச்சுச் சேர்ந்த இடம் அது.

எடையும் ஒப்படர்த்தியும் சரியாக இருந்தால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். அசல் வெள்ளியிலேயே அடித்த போலிகளும் சந்தையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் வர்த்தக டாலருக்கும் இதே கவனம் வேண்டும். அதுவும் 26.95 கிராம், ஆனால் 39 மி.மீ. அதில் பம்பாயின் பி, பிரிட்டானியா பிடித்திருக்கும் திரிசூலத்தின் நடுமுனையில் இருக்கும்.

மட்டுறுத்துநர்
கேரசல் இணைப்புகளையும் விற்பவர் பெயர்களையும் இங்கே போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

ஏலக்கணக்கு
விலை பற்றி. கேட்கும் விலை எதுவும் விலை இல்லை. விற்று முடிந்த விலையை மட்டும் குறித்துவையுங்கள். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு காசுக்குக் குறைந்தது ஐந்தாறு விற்பனை, அதுவும் ஒரே தரநிலையில். தரம் பார்த்துச் சான்றளித்து உறையிட்ட காசின் விலையை உறையில்லாக் காசுக்குப் பொருத்துவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பட்டியல் நூலில் இருக்கும் விலை ஒன்றுக்கொன்று ஒப்பிட உதவும், கடையில் நீட்டிப் பேரம் பேச உதவாது.

வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தால் கணக்கு எப்படி ஏறுகிறது பாருங்கள். சுத்தியல் விலை (ஏலம் முடிந்த விலை) 100 வெள்ளி, அதாவது 100 சிங்கப்பூர் டாலர், என்று வைப்போம். வாங்குவோர் கட்டணம் 20 சதவீதம், 120. அனுப்பும் செலவு 25, 145. இங்கே 9 சதவீத ஜிஎஸ்டி, 158. திரும்ப விற்கும்போது 12 சதவீதக் கழிவு என்றால் 180 க்கு விற்றால்தான் கைக்காசு திரும்பும். ‘100 வெள்ளிக்கு மலிவு’ என்பது இந்த 180 ஐ வைத்துத்தான் மலிவா இல்லையா என்று தெரியும். அதனால்தான் உள்ளூர்க் குவியல் பார்ப்பவருக்குச் சற்று வசதி.

இன்னொன்று, முதலீட்டு உலோகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதை நம்பிப் பழைய காசை வரவழைக்காதீர்கள். அந்த விலக்குக்கு வெள்ளி 99.9 சதவீதத் தூய்மை வேண்டும். 900 தர டாலர் அதில் வராது.

புக்கிட்_டப்பா
சிங்கப்பூர்க் காசில் ஒன்றும் இல்லையா? வீட்டு உண்டியலில் 1967 தொட்டு இருக்கிறது. ‘அரிய ஒரு வெள்ளி, ஆயிரக்கணக்கில் போகும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

சதுரச்சல்லி
வாட்ஸ்அப்பை விடுங்கள். புழங்கிய சிங்கப்பூர்க் காசு பெரும்பாலும் முகமதிப்புத்தான். பார்க்கத் தக்கது சில. முதல் வரிசை ஒரு காசு வெண்கலத்தில் தொடங்கி 1976 இல் செம்புப் பூச்சிட்ட எஃகுக்கு மாறியது. மாற்றம் நடந்த காலத்துக் காசுகளைக் காந்தத்தில் காட்டிப் பிரித்து வையுங்கள். 1985 இல் தொடங்கிய மலர் வரிசையில் 1992 முதல் அரசுச் சின்னத்துக்குக் கீழுள்ள பட்டையின் வளைவு மாறியது. அதற்கு இப்போது விலை இல்லை, தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான இடைவெளி நினைவு நாணயங்களில். 1972-74 பத்து வெள்ளி, கழுகு: 31.1 கிராம், 900 தரம், கிட்டத்தட்ட 28 கிராம் வெள்ளி உலோகம். 1975 பத்து வெள்ளி, சுதந்திரப் பத்தாமாண்டு: எடை அதே 31.1, தரம் 500. 1973 ஐந்து வெள்ளி, தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டு: 25 கிராம், 500 தரம். ‘பழைய பத்து வெள்ளி’ என்று மூன்று நான்கை ஒரே விலையில் போடுபவரிடம் கழுகை எடுங்கள், 1975 ஐ விடுங்கள். 1981 முதல் வந்த சீன ராசிப் பத்து வெள்ளியில் நிக்கலில் அடித்ததும் உண்டு, அது கையில் கனமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தேக்கா_லூப்
பெட்டியைத் திறக்கும்போது மோந்து பாருங்கள். பழைய மென்பிளாஸ்டிக் உறை என்றால் புதுக் குளியலறைத் திரைபோல ஒரு நெடி வரும். அதுதான் பிவிசி. நம் ஊர் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல், பிவிசி இங்கே சீக்கிரம் கசியும். காசில் பச்சையாகப் பிசுபிசுக்கும். பச்சை ஆரம்ப நிலையில் இருக்கும்போது விற்பவர் ‘துரு’ என்று விலையைக் குறைப்பார். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன், பத்து நிமிடம், புது அசிட்டோனில் இன்னொரு முறை, ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். பச்சை உலோகத்தை அரித்திருந்தால் அடியில் குழி தெரியும். அது போகாது, விலையும் வராது. ஆகவே வாங்கும் முன்பே பச்சையின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள்.

பிறகு மைலார் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில். கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் 45 சதவீதத்தில் வையுங்கள்.

யீஷூன்_உண்டியல்
குவியலில் விக்டோரியா இந்திய ரூபாய் ஒன்று, 1862 தேதி. உலோக விலைக்கே கொடுக்கிறார். எடுக்கலாமா? ஊரில் மாமா வீட்டிலும் இதுபோல இருபது இருக்கிறது, அடுத்த பயணத்தில் கொண்டுவரலாம் என்று பார்க்கிறேன்.

நிறைகோல்
தம்பி, மாமா வீட்டுக் காசை அங்கேயே விட்டுவிடுங்கள். இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருள்தான், தனியார் வெளியே எடுத்துவர முடியாது. ஒன்று என்றாலும் இருபது என்றாலும் அதே சட்டம். சோழர் செப்புக்காசுக்கும் அப்படியே.

இங்கே ஏற்கெனவே இருப்பது வேறு விஷயம். 11.66 கிராம், 917 தரம், எடை சரியாக இருந்தால் உலோக விலைக்கு நட்டமில்லை. 1862 தேதியை 1874 வரை மாற்றாமலே அடித்தார்கள். பம்பாய்க் காசுகளில் தேதிக்குக் கீழேயும் சிலவற்றில் மேலேயும் சிறு புள்ளிகள் இருக்கும். புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள், சில அடுக்குகள் மற்றதைவிட மிக அரிது. பெரும்பாலான விற்பனையாளர்கள் ‘1862 ரூபாய்’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். பூ வேலைப்பாட்டின் கோடு முனைகளைப் புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது, புள்ளி தனியாக, தளத்திலிருந்து எழுந்து நிற்கும். தேதிப் பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில், லென்ஸ் வழியாக ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று நாங்களும் எண்ணிப் பார்க்கிறோம். அதுவரை விற்பவரிடம் புள்ளியைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.